பிரான்ஸுக்கு பைக் டூர் கேட்ட அப்பா... திமிரியிலிருந்து நாங்கள் போன ‘பிரெஞ்சு ரூட்’!

“நான் தைச்ச ஷூ எல்லாம் பிரான்ஸ் ரோட்ல நடக்குது. நான்தான் இன்னும் நம்ம பக்கத்தையே தாண்டல.”

கடந்த மார்ச் மாதம் ஓய்வுபெற்ற அன்று இரவு, அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை இது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 31 வருடம் வேலை. அப்பர் செக்‌ஷனில் ஸ்டிச்சிங். அட்டைப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் வெளிநாட்டு முகவரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தே நான்கைந்து நாடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அதில் அவருக்குப் பிடித்தது பிரான்ஸ். காரணம் கேட்டால், “பேரு நல்லா இருக்குமா” என்பார்.

எனக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். திமிரி ஏரிக்கரையில், பழைய டி.வி.எஸ். 50-ல் பின்னால் ஓடி வந்து பிடித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தார். அன்று இரவு நான் வாய் விட்டுவிட்டேன்: “சரிப்பா. இந்த சம்மர்ல நாம ரெண்டு பேரும் பிரான்ஸ்ல பைக் டூர் போலாம். நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உட்காருங்க.”

அப்பா சிரிக்கவில்லை. “நெஜமாவா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பிரான்ஸுக்கு என்னவெல்லாம் வேண்டும்?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்பவளுக்குத் தேடுவதா கஷ்டம்? ஒரே இரவில் எக்ஸெல் ஷீட் தயார். உங்களுக்கும் அப்படியொரு ஆசை இருந்தால், அதிலிருந்து சில விஷயங்கள்.

முதலில் பாஸ்போர்ட், அதன் பிறகு ஷெங்கன் விசா. பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. நம் கணக்கில் தலைக்குச் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஓட்டுபவருக்கு, நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலமாகவே வாங்கலாம். ஒரு வருடம் செல்லும்.

அங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலதுபக்கம். ஹெல்மெட் மட்டுமல்ல, தரச்சான்று உள்ள கையுறையும் ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் 2016 முதல் கட்டாயம். வண்டி நின்றுபோனால் போட்டுக்கொள்ள ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் பொதுவாக 80 கிலோமீட்டர்தான் வேக வரம்பு.

பைக்கில் போகிறவர்கள் அங்கே கொண்டாடும் பாதை, ஆல்ப்ஸ் மலைகளின் மேலேயே போகும் ‘ரூத் தே கிராந்த் ஆல்ப்’. ஜெனீவா ஏரிக்கரையில் தொடங்கி மத்தியதரைக்கடல் கரையில் முடியும் சுமார் 700 கிலோமீட்டர். வழியில் வரும் இஸெரான் கணவாயின் உயரம் 2,764 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட உயரம்! பனி உருகி உயரமான கணவாய்கள் திறக்கவே ஜூன் மாதம் ஆகிவிடும். அக்டோபர் வாக்கில் திரும்பவும் மூட ஆரம்பித்துவிடும். அதனால்தான் அங்கே பைக் டூர் என்றாலே கோடைக்காலம்.

எல்லாம் எழுதி முடித்து, விமான டிக்கெட், வாடகை பைக், அதற்கான டெபாசிட், தங்கும் செலவு என்று கூட்டிப் பார்த்தேன். கீழே வந்த தொகையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். என் சம்பளத்தில், சாப்பிடாமல் வாடகை கொடுக்காமல் இருந்தால்கூட இந்தக் கோடையில் நடக்காத காரியம்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் அவரே போனில் கூப்பிட்டார். “பிரான்ஸ்காரன் நம்ம ஊருக்கே வந்துக்கினு போயிருக்கான், தெரியுமா? ஆம்பூர்ல சண்டை போட்டானாம். லைப்ரரியில படிச்சேன். அவன் வந்த வழியில போய்ப் பார்த்தா இன்னா?”

நம் வாசலில் ஓடும் பிரெஞ்சுப் பாதை

அப்பா சொன்ன பிறகுதான் தேடிப் பார்த்தேன். பள்ளியில் ‘கர்நாடகப் போர்கள்’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துபோனது எல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1749, ஆகஸ்ட் 3. ஆம்பூர். ஆற்காடு நவாப் அன்வருதீன் கானை, சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து தோற்கடித்தார்கள். யானை மேல் இருந்து போரிட்ட அன்வருதீன் அங்கேயே கொல்லப்பட்டார். ஒரே நாளில் ஆற்காட்டின் நவாப் பட்டம் பிரெஞ்சுக்காரர்களின் நண்பர் கைக்குப் போனது.

1750, செப்டம்பர். யாராலும் பிடிக்க முடியாது என்று பெயர் பெற்ற செஞ்சிக் கோட்டையை, புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது.

1751. ஆங்கிலேயர்களின் முறை. ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பிய வீரர்கள், 300 சிப்பாய்களோடு சென்னையிலிருந்து வந்து ஆற்காட்டைப் பிடித்தார். அவருக்கு அப்போது 25 வயது. (ஏறக்குறைய என் வயது!) சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப், பிரெஞ்சு வீரர்களின் துணையோடு 50 நாள் முற்றுகையிட்டும் ஆற்காட்டை மீட்க முடியவில்லை.

இதில் எங்கள் ஊரும் இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து ஓடிய நவாப் படை முகாம் போட்டது திமிரிக் கோட்டைப் பக்கம்தான். முற்றுகைக்கு முன்பே கிளைவ் இங்கே வந்து மோதினார். முற்றுகை முடிந்ததும் நவம்பரில் மறுபடி வந்தபோது, திமிரிக் கோட்டை சண்டை போடாமலேயே சரணடைந்தது. அப்பாவுக்கு இது கொஞ்சம் அவமானம். “ஒரு கல்லாவது விட்டெறிஞ்சிருக்கலாம்ல?” என்றார்.

பிறகு 1751 டிசம்பர் 3-ல் ஆரணிப் போர். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசிப் போர். அதில் அயர் கூட்டிடம் லாலி தோற்றார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

ஆம்பூர், ஆற்காடு, திமிரி, ஆரணி, வந்தவாசி, செஞ்சி, புதுச்சேரி. மேப்பில் புள்ளி வைத்து இணைத்தால், வேலூர் பக்கத்திலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு கோடு. எங்கள் 125 சி.சி. பைக்குக்கு ஏற்ற பாதை.

முதல் பயணம்: என் எக்ஸெல் ஷீட் தோற்ற கதை

பாதையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்காடு, ஆம்பூர் போய்த் திரும்புவது. அடுத்து ஒரு விடுமுறையில் ஆரணி வழியாகப் புதுச்சேரி. முதல் நாள் கணக்கு: போக 85 கிலோமீட்டர், வர 85. காலை 6.30-க்குக் கிளம்பினால் மதியம் பிரியாணி, மூன்றரைக்கு வீடு. அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு நேரம் எழுதியிருந்தேன்.

அது மே மாதம். கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. “வெயில் எறங்கட்டுமே, என்ன அவசரம்?” என்றார் அம்மா. எனக்கு அந்த ஞாயிறுதான் ஆஃப். அப்பாவுக்கு சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. அதை நான் ஷீட்டில் எங்குமே எழுதவில்லை.

காலை அருமையாக இருந்தது. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி கேட்டைப் பார்த்தோம். பெரிய கோட்டையில் கண்ணுக்குத் தெரிவது இந்த வாசல்தான். மேலே ஏறி நின்றால் ஆறு தெரிகிறது. ஆறு என்றால் மணல். அப்பா அங்கே ஒரு கதை சொன்னார். முற்றுகையில் அரிசி தீர்ந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டார்களாம் நம் ஊர் சிப்பாய்கள். பிற்காலத்தில் ஆங்கிலேயர்கள் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை இது. “சோத்துல என்ன இருக்கு, சத்து எல்லாம் கஞ்சியிலதான். அவன் விவரமானவன்” என்றார் அப்பா. நான் பயங்கரமாகச் சிரித்தேன்.

வேலூர் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினோம். டூவீலருக்கு டோல் கிடையாது. பாலாறு கூடவே வருகிறது. இந்த ஆற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலமும் நீரும் கெட்டது பற்றிய வழக்கு. ‘மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று. எங்கள் வீட்டில் அரிசி வாங்கிய சம்பளமும் தோலிலிருந்து வந்ததுதான். நான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ரெண்டும் உண்மைதான்மா. என்னைப் படிக்க வெக்காத ஊரு உன்னைப் படிக்க வெச்சது அந்தச் சம்பளம்தான். தண்ணி கெட்டதும் அதாலதான்” என்றார்.

ஆம்பூரில் போர் நடந்ததற்கான அடையாளம் ஏதாவது இருக்குமா என்று தேடினோம். எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவே ரோடு, ரயில் பாதை, ஷூ கம்பெனி பஸ்கள். சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டு ஒரு மணிக்குத் திரும்பினோம். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

மாதனூர் தாண்டும்போது, “எங்கனா நிழல்ல நிறுத்துமா” என்றார் அப்பா. “பத்து நிமிஷம்ப்பா, வேலூர் போயிடலாம்” என்றேன். ஷீட்டில் அடுத்த நிறுத்தம் வேலூர் கோட்டை. பள்ளிகொண்டா தாண்டியதும், என் தோளில் இருந்த அவர் கை தளர்ந்தது. ஹெல்மெட் என் முதுகில் வந்து சாய்ந்தது.

எப்படி நிறுத்தினேன் என்று இப்போதும் நினைவில்லை. மேம்பாலத்தின் அடியில் உட்கார வைத்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் “தலை சுத்துது” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இளநீர் விற்ற அக்கா ஓடிவந்து, சட்டைப் பட்டனைத் தளர்த்தி, என் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றச் சொன்னார். அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: “வயசானவர வெச்சுக்கினு உச்சி வெயில்ல எதுக்கும்மா இந்த ஓட்டம்?”

இருபது நிமிடத்தில் தெளிந்தார். வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் தண்ணீர் குறைந்து பிரஷர் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். சாயங்காலம் அப்பா பஸ்ஸில் வந்தார். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே திமிரி வரை ஓட்டி வந்தேன். ஜன்னல் ஓரம் தெரிந்த அவர் தலையைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பிரான்சும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்று மட்டும் சொன்னார்.

வெயிலில் பைக்... டாக்டரும் மெக்கானிக்கும் சொன்னது

அடுத்த வாரம் முழுக்க நான் தெரிந்துகொண்டவை இவை. உங்கள் வீட்டிலும் யாராவது கோடையில் பைக்கில் கிளம்பினால் உதவும்.

காற்று குளிர்விக்காது: ஓடும் பைக்கில் காற்று அடிப்பதால் வெயில் தெரியாது என்று நினைக்கிறோம். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளியே 40 டிகிரி இருந்தால், அடிக்கும் காற்று உடம்பைச் சூடுதான் ஆக்கும். வியர்வையும் உடனே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது. கையில்லாத சட்டையைவிட, முழுக்கை பருத்திச் சட்டைதான் நல்லது.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது: முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, குடிக்க வேண்டும். மோர், கஞ்சி, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் எதுவானாலும் சரி. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், எவ்வளவு குடிக்கலாம், மாத்திரையை எப்போது போடலாம் என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

அறிகுறிகள்: தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழல், ஓய்வு, தண்ணீர். பேச்சு குழறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ, மயங்கினாலோ யோசிக்கவே வேண்டாம்; 108. வண்டி வரும் வரை ஈரத்துணி போட்டு, விசிறி, உடம்பைக் குளிரவைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

டயர்: காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். இரண்டு பேர் போனால் பின் டயருக்கு எவ்வளவு என்பது வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். ஓடிச் சூடான டயரில் காற்று கூடியது போலக் காட்டும். அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

பெட்ரோல்: ‘வெயில் காலத்தில் டேங்க்கை நிரப்பினால் வெடிக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வரும். அது வதந்தி. தயாரிப்பாளர் சொன்ன அளவுவரை நிரப்பலாம். மூடி வரை வழிய வழிய ஊற்றக் கூடாது, அவ்வளவுதான்.

மொபைல்: ஹேண்டில்பாரில் மாட்டிய போன், வெயிலில் சூடாகித் தானாக அணைந்துவிடும். எனக்கு அணைந்தது. ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போட்ட ப்ளான்

ஜூன் முதல் வாரம். கத்திரி முடிந்து, சாயங்காலத்தில் ஒன்றிரண்டு மழை பெய்திருந்தது. இரண்டாவது பாதியை நான் மனசுக்குள் கைவிட்டிருந்தேன். ஊருக்குப் போனபோது அப்பா ஒரு நோட்டை நீட்டினார். கம்பெனியில் பீஸ் கணக்கு எழுதிய பழைய நோட்டு. அதில் கோடு போட்டு மூன்று கட்டம்: ‘ஊர்’, ‘நிழல்’, ‘கக்கூஸ்’.

கிலோமீட்டர் என்ற கட்டமே இல்லை.

“உன் ஷீட்ல எத்தனை மணிக்கு எங்க போவணும்னு இருந்தது. எங்க உக்காரணும்னு இல்லியே” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்தது. “சாரிப்பா” என்றேன், அன்றுதான் முதல்முறையாக. “நானும் வாயைத் தொறந்து ‘நிறுத்து’ன்னு கத்தியிருக்கணும். பொண்ணு ஆசையா ஓட்டுதேன்னு சும்மா இருந்துட்டேன்” என்றார்.

புது ப்ளானில் ஒரே ஒரு சட்டம்தான். காலை பத்து மணிக்கு மேல் வண்டி ஓடாது. மாலை நான்கரைக்கு முன் எடுக்கக் கூடாது. ஒரு நாள் பயணம் இரண்டு நாளானது. அம்மா, கேழ்வரகுக் கூழ் கரைத்து தூக்கில் ஊற்றிக் கொடுத்தார். அதுதான் அவருடைய அனுமதி.

ஆரணி, வந்தவாசி, செஞ்சி

அதிகாலை ஐந்து மணிக்குத் திமிரியிலிருந்து கிளம்பினால், ஆரணி வரை 18 கிலோமீட்டரும் நமக்கே நமக்கு. ஏரி, நெல் வயல், பனைமரம். ஆரணி என்றால் நமக்குப் பட்டும் அரிசியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இந்த வயல்களும் அவற்றுக்கு நடுவே போன மேட்டுப்பாதையும்தான் 1751-ல் போர்க்களம். கிளைவோடு மராத்தியக் குதிரைப்படையும் சேர்ந்துகொள்ள, ராஜா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் தோற்றுப் பின்வாங்கினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சூடாக இட்லி. அப்பா மாத்திரை போட்டுக்கொண்டார். நோட்டில் டிக்.

வந்தவாசியில் கோட்டையின் மிச்சங்களைப் பார்த்தோம். இந்தியாவை ஆளப்போவது பிரான்ஸா, இங்கிலாந்தா என்பதை முடிவுசெய்த போர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும் ஊர். வெளியே கோரைப்பாய் ஏற்றிய சைக்கிள் ஒன்று போனது. “இந்தச் சண்டையில அவன் ஜெயிச்சிருந்தா, நீ இப்ப பிரெஞ்சுல நியூஸ் எழுதிக்கினு இருப்ப” என்றார் அப்பா. “உங்களுக்கு விசாவும் தேவைப்பட்டிருக்காதுப்பா” என்றேன்.

வந்தவாசியிலிருந்து செஞ்சி நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தூரத்தில் பாறைகளை யாரோ கொட்டிக் குவித்தது போல் மலைகள் தெரிய ஆரம்பித்தபோது மணி ஒன்பதரை. நேராக லாட்ஜ். ஃபேனைப் போட்டு, கூழைக் குடித்துவிட்டு, நான்கு மணி நேரம் தூக்கம். சுற்றுலா போய் மதியம் தூங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. வெளியே ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. தவறவிட்டது எதுவும் இல்லை.

சாயங்காலம் கோட்டைக்குப் போனோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதில் வளைத்துப் போகிறது. 2025 ஜூலையில், மராத்தியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சிதான். ராஜகிரி உச்சிக்கு ஏற வேண்டுமானால் காலையிலேயே வந்துவிட வேண்டும். அப்பாவின் முட்டி அதற்கு ஒத்துழைக்காது. அடிவாரத்தில் கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தோம்.

“நம்ம ராணிப்பேட்டை பேரு இங்கேர்ந்துதான் வந்தது” என்றார் அப்பா. உண்மைதான். ஆற்காடு நவாபோடு போரிட்டு 1714-ல் இளவயதிலேயே இறந்த செஞ்சி தேசிங்கு ராஜாவின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் சாதத்துல்லா கான் உருவாக்கியதுதான் ராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 31 வருடம் அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் போய் வந்தவர், அந்த ராணியின் ஊரை அன்றுதான் பார்த்தார்.

கடற்கரையில் ஒரு செருப்புக் கணக்கு

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, திண்டிவனம் வழியாக ஏழு மணிக்குள் புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். நடப்பதற்குத்தான் அந்தச் சாலை.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றேன். நேற்று பார்த்த ஊரின் கல் என்பதால், அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தெற்கே நடந்தால் டூப்ளே சிலை. ஆம்பூர் போருக்குப் படை அனுப்பிய கவர்னர். அவரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். நாங்கள் பைக்கில் கடந்த காலம் முழுவதையும், பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய தமிழர். அவருடைய வீடு இன்னும் அவர் பெயரிலான தெருவில் இருக்கிறது. “நீ பார்க்கற வேலையத்தான் அவரும் பார்த்திருக்காரு” என்றார் அப்பா. என் வேலையைப் பற்றி அவர் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அது.

மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருந்த தெருக்களில் நடந்தோம். நான் கட்டடங்களைப் பார்த்தேன். அப்பா கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரரின் கால்களையும். கடைசியில் ஏமாற்றத்தோடு சொன்னார்: “எல்லாரும் ரப்பர் செருப்புதாம்மா போட்டுக்கினு வர்றாங்க. ஒருத்தர்கூட லெதர் போடல.”

“வெயில்ப்பா. ஷூ எல்லாம் அவங்க ஊர்லதான் போடுவாங்க.”

“அப்ப அங்கதான் போய்ப் பார்க்கணும்” என்றார்.

இரண்டு பயணங்களையும் சேர்த்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வண்டிக்கு பெட்ரோல் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அன்று மாலை நான்கரைக்குப் புதுச்சேரியிலிருந்து கிளம்பி, மூன்று இடங்களில் உட்கார்ந்து டீ குடித்து, இரவு வீடு வந்து சேர்ந்தோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அப்பா இறங்கி நடந்து வருவதை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

போன வாரம் அப்பாவுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பித்துவிட்டோம். கட்டணம் 1,500 ரூபாயை அவரே கொடுத்தார். பிரான்ஸ் எந்த வருடம் என்று தெரியாது. ஆல்ப்ஸ் கணவாய்கள் ஜூனில்தான் திறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் அதே மூன்று கட்டங்களைப் போட்டிருக்கிறார். முதல் கட்டத்தில் ‘ஆல்ப்ஸ்’. இரண்டாவது கட்டத்தில் ‘நிழல்’ என்பதை அடித்துவிட்டு, ‘வெயில்’ என்று எழுதியிருக்கிறார்.

“அங்க குளுருமாமே? எங்க வெயில் வரும்னு பார்த்து வெச்சுக்கணும்ல.”